மானுகோட்டாவுக்குச் சென்ற தமிழர்கள்: குறுகிய வருகையும் நீண்ட தங்கலும்

ஹைதராபாத் மாதாப்பூரில் 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அதன்பின் அங்கு நிகழ்ந்த குடிபெயர்வில் தமிழர்களுக்கும் பங்குண்டு. துர்கம் செருவு ஏரியைச் சூழ்ந்த பாறை நிலம் கண்ணாடிக் கட்டடங்களாக மாறியது. 2006இல் பன்னாட்டு மாநாட்டு மையமும் எழுந்தது. அங்கே வேலைக்கு வரும் திருநெல்வேலி இளைஞர் ஒருவர், தம் ஊர்க்காரர்களுக்கும் இந்த நிலத்துக்கும் இருபது முப்பது ஆண்டுத் தொடர்புதான் உண்டு என்று எண்ணினால் அது அவர் குற்றமன்று. பாடநூல்கள் அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை. ஆனால் 1904ஆம் ஆண்டிலேயே திருநெல்வேலிச் சபைகள் காசு சேர்த்து ஒரு தமிழரை நிஜாமின் நாட்டுக்கு அனுப்பியிருந்தன. அவர் இறங்கிய இடம் மாதாப்பூரிலிருந்து கிழக்கே இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மானுகோட்டா, அதாவது இன்றைய மகபூபாபாத். அவர் பெயர் சாமுவேல் பாக்கியநாதன்.

இந்த வரலாற்றை இப்போது நினைவுகூர ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுக் கிறிஸ்தவர்கள் பத்து நாள், இரண்டு வாரம் என்று வந்து, சிறிய உள்ளூர்ச் சபைகளுக்கு உதவிவிட்டுத் திரும்பும் ‘குறுகிய கால ஊழியம்’ உலகெங்கும் பெருகியிருக்கிறது. அமெரிக்கச் சபையினரில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 லட்சம் பேர் இவ்வாறு வெளிநாடு செல்கிறார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிப்பிட்டார். இதைப் பற்றிய விவாதத்தில் இரு தரப்புகள் உண்டு. ஒரு தரப்பு, சில நாள் வந்துபோவோரால் சபைக்கு நன்மையில்லை, நீண்ட காலம் தங்குவோரே உண்மையான ஊழியர் என்கிறது. மறு தரப்பு, வருவோர் கொண்டுவரும் ஊக்கமும் பொருளும் சிறிய சபைகளுக்குத் தேவை என்கிறது. இரு தரப்புமே நாட்களை எண்ணுகின்றன. தெலுங்கு நாட்டுக்குச் சென்ற தமிழ் மிஷனெரிகளின் வரலாறோ வேறு ஒன்றை எண்ணச் சொல்கிறது.

முதலில் திருநெல்வேலிக்குள்ளேயே நடந்த ஒன்றைப் பார்க்கவேண்டும். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்துவிட்டு சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் சென்னைக்கு வந்த தாமஸ் கஜட்டான் ராக்லண்டு, 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் சேர்ந்து வட திருநெல்வேலியில் சுற்றுப் பயண ஊழியத்தைத் தொடங்கினார். பங்களா இல்லை, கூடாரம்தான் வீடு. சிவகாசியை நடுவாக வைத்துக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தார்கள். தென் திருநெல்வேலியில் அக்காலத்திலேயே வேரூன்றிய சபைகள் இருந்தன, வடக்கில் இல்லை. எனவே தெற்கிலுள்ள சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. ஒரு குழு ஒரு மாதம் தங்கிப் பணிசெய்யும். அது திரும்பியதும் அடுத்த குழு வரும். செலவைத் தெற்குச் சபைகளே ஏற்றன. ராக்லண்டு 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. மாதக் கணக்கில் வந்துபோன உபதேசியார்களின் பெயர்கள் அந்த அளவுக்கு நிற்கவில்லை.

இதுவும் குறுகிய கால ஊழியமே. ஒரு மாதம் என்பது இன்றைய இரு வாரப் பயணத்தைவிடப் பெரிதாக நீண்டதன்று. ஆனால் அதன் அமைப்பு வேறு. வந்த உபதேசியார் தாம் கண்டதைத் தம் சபையில் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த மாதம் அதே ஊருக்கு அதே சேகரத்து ஆள் ஒருவர் போவார். அவர் பேசிய மொழி கேட்பவரின் மொழி. உண்ட சோறு அவ்வூர்ச் சோறு. ஆள் மாறினாலும் உறவு மாறவில்லை. அதே 1854இல் இலங்கையின் கண்டிப் பகுதிக் காப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர்களிடையே தொடங்கிய தோட்டத் தமிழ் மிஷனுக்கும் திருநெல்வேலி உபதேசியார்களே சென்றார்கள். அங்கே பணம் துரைமார்களிடமிருந்து வந்தது. தோட்டத்து முதலாளியின் சந்தாவில் நடக்கும் ஊழியத்தில், கூலி பற்றியோ கங்காணி பற்றியோ உபதேசியார் எவ்வளவு பேசியிருக்க முடியும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

வெளியூர் செல்லும் ஊழியத்தைத் தமிழர் தாமாகவே ஒரு சங்கமாக நடத்தலாம் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. 1816 முதல் அமெரிக்க மிஷன் பணிசெய்த யாழ்ப்பாணத்தில், 1900 அளவில் மாணவர்கள் சேர்ந்து ‘வெளிநாட்டு மிஷனெரி சங்கம்’ ஒன்றை அமைத்திருந்தார்கள். அவர்களுக்கு வெளிநாடு எது? பாக்கு நீரிணைக்கு இக்கரையிலுள்ள தொண்டி. இராமநாதபுரத்துக் கடற்கரையை மிஷன் களமாகக் கருதி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆளனுப்பிக்கொண்டிருந்ததை 1902இல் அங்கு சென்ற ஒரு வாலிபர் கண்டார். அவர் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமக் குருவானவர். மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது இறந்துவிட்டார். அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். நோயால் இறுதித் தேர்வு எழுத முடியாமல் பட்டமின்றி வெளியேறினார். 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். ஓரூரில் கூட்டம், மறுநாள் வேறூர். அவருடைய அன்றைய வாழ்வே குறுகிய வருகைகளால் ஆனதுதான். இது பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

நூறாண்டுக்கு மேலாக நற்செய்தியைப் பெற்ற திருநெல்வேலி இன்னும் யாருக்கும் எதையும் அனுப்பவில்லையே என்ற கூச்சத்தோடு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பினார் என்பதே அவர் வாழ்க்கையை எழுதியோரின் பொதுக் கருத்து. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. இதே எண்ணத்தின் விரிவாக, 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் அசரியாவும் கே. டி. பாலும் மற்றவர்களும் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட ஆண்டு அது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி வருவதற்கு மூன்றாண்டு முன்பே, பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களின் பனைத்தொழிலாளர் வீடுகளிலிருந்து இப்படியொரு சுதேசி முயற்சி புறப்பட்டிருந்தது. தமிழகத் தேசிய இயக்க வரலாறுகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மதத்தின் பக்கத்தில் நடந்ததால் மட்டுமே அது விடுபட்டது எனலாம்.

நிஜாமின் நாடு உண்மையிலேயே வெளிநாடா என்று கேட்கலாம். சட்டப்படி அது பிரிட்டிஷ் இந்தியா அன்று. ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கான் ஆண்ட காலம். அங்கே செலாவணி ஹாலி சிக்கா ரூபாய்; பிரிட்டிஷ் ரூபாயைவிட மதிப்புக் குறைந்தது. தபால் தலையும் தனி. 1880களிலிருந்து அரசு அலுவல் மொழி உருது, மக்கள் பேசியது தெலுங்கு, வந்தவரோ தமிழர். பாளையங்கோட்டையில் சேர்த்த காசு மானுகோட்டாவில் வேறு காசாக மாறியே செலவாகவேண்டும். ஆனால் இருப்புப்பாதை இருந்தது. சிங்கரேணி நிலக்கரியைக் கொண்டுவர 1880களின் இறுதியில் நிஜாம் ரயில்வே போட்ட பாதையில் டோர்னக்கல் ஒரு சந்திப்பு நிலையம். நிலக்கரி வண்டிக்காகத் தோன்றிய ஊர், பிற்காலத்தில் ஒரு மறைமாவட்டத்தின் தலைநகரானது. மிஷன் களங்கள் தெய்வச் சித்தத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று எழுதும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் அவை ரயில் நிற்கும் இடங்களிலேயே அமைந்தன என்பதையும் சேர்த்துக் குறிப்பது நல்லது.

1904 முதல் 1909 வரை அசரியா இந்தக் களத்துக்கு வந்துபோகிறவராகவே இருந்தார். சங்கத்தின் செயலர் அவர்; களத்தில் இருந்தவர்கள் பாக்கியநாதனும் அவருக்குப்பின் வந்தவர்களும். 1906இல் முதல் திருமுழுக்குகள் நடந்தன. கூட்டம் நடத்தி, கணக்குப் பார்த்து, ஊக்கம் சொல்லிவிட்டு ரயிலேறுவது அவர் பழகிய வேலை. அதை அவர் திறமையாகவே செய்தார். ஆனால் மற்றவர்களைப் போகச் சொல்கிறவன் தான் போகாமலிருப்பது அவருக்கு உறுத்தியது. 1909இல் வாலிபர் சங்கப் பதவியை விட்டார். சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட்டின் கீழ்க் குருப்பட்டம் பெற்றார். மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் டோர்னக்கலில் குடியேறினார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துகளை முதலிலிருந்து கற்றார். இந்தியா முழுவதும் அறிந்த பேச்சாளர் ஒருவர், பேசத் தெரியாதவராக மீண்டும் தொடங்கினார்.

வரலாற்றை இங்கே நிறுத்தினால், குறுகிய வருகை போதாது, குடியேறவேண்டும் என்ற எளிய பாடம் கிடைக்கும். அடுத்த ஆண்டே அசரியா அந்த எளிய பாடத்தை உடைத்தார்.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியர் இருபதுக்கும் குறைவு. அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அசரியாவுக்கு வாய்ப்புத் தரப்பட்டது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த அவையில் அவர் வேறொன்றைச் சொன்னார். இந்தியாவில் பல்லாண்டு வாழ்ந்தும் உடன் உழைக்கும் இந்தியரைத் தம் மேசையில் உட்காரவைக்காத மிஷனெரிகள் உண்டு. அந்த இந்தியர் வீட்டுக்குள் ஒரு முறையும் நுழையாதவர்கள் உண்டு. அவர்களின் தியாகத்தை இந்தியச் சபை மறக்காது. ஆனால் சபைக்கு இப்போது வேண்டியது நட்பு. பேச்சின் சாரம் இதுவே. அவையில் சலசலப்பு எழுந்தது. சிலர் வெளிப்படையாகவே கசந்துகொண்டனர். வருகையாளர்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் குறைகூறியது நீண்ட காலம் தங்கியவர்களை. முப்பது ஆண்டு இருந்தும் அயலாராகவே இருந்துவிட முடியும் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். மறுபுறம், வாலிபர் சங்கத்தில் அவரோடு சுற்றிய அமெரிக்கர் ஷெர்வுட் எடி அவருக்கு உற்ற நண்பராக இருந்தார். ஆகவே இனமும் அல்ல, ஆண்டுக் கணக்கும் அல்ல அவருடைய அளவுகோல். யார் யாரோடு உட்கார்ந்து உண்கிறார், யார் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்பதே அது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர். நிஜாம் நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஒரு சிறு மறைமாவட்டம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. ஐரோப்பிய மிஷனெரிகள் பணிசெய்த பெரிய பகுதிகளை ஓர் இந்தியரின் கீழ் வைக்க அப்போது மனம் வரவில்லை. 1920 அளவில்தான் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து ஆந்திரப் பகுதிகள் சேர்க்கப்பட்டன. 1940களின் தொடக்கத்தில் அந்த மறைமாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

இந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் ஆயரின் பெருமையைப் பேசத் தோன்றும். ஆனால் பாரத்தைச் சுமந்தவை சிறிய சபைகள். ஒரு மாலப்பல்லியிலோ மாதிகவாடாவிலோ கூரை வேய்ந்த ஒரு குடிசை. பகலில் அது பள்ளி, மாலையில் கோயில். கிராம ஆசிரியரே உபதேசியார். அவர் மனைவியும் பெரும்பாலும் பயிற்சி பெற்றவர். இந்தப் பெண்களைப் பயிற்றுவித்ததில் அன்பு மரியம்மாளின் பங்கு பெரிது. சபையினர் பகல் முழுவதும் தொரைகளின் வயலில் உழைப்பவர்கள். வெட்டிச் சாகிரி என்ற கூலியில்லா வேலையும் அவர்கள் தலையில் விழும். ஆகவே வழிபாடு இருட்டிய பின்பே. எழுத்தறியாதவர்களுக்கு விவிலியக் கதைகள் தெலுங்குக் கீர்த்தனைகளாகவும் கேள்வி–பதிலாகவும் மனப்பாடமாயின. திருமுழுக்குப் பெறுகிறவர் தம் கையைத் தலையில் வைத்து, தாம் பெற்றதைப் பிறருக்கு அறிவிப்பதாக உறுதிசொல்லவேண்டும். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் கிராமத்தின் நான்கு பேய்கள் என்று ஆயர் பிரசங்கித்தார். கடனைப் பேய் என்று சொல்வது அந்த ஊரில் வெறும் ஒழுக்க போதனை அன்று. கொத்தடிமையின் வாசல் கடன்தான் என்பதைக் கேட்டவர்கள் அனைவரும் அறிவார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? இதில்தான் அசரியா பிடிவாதமாக இருந்தார். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் சபைகளில் பரவியது. அறுவடைக்குப்பின் நடக்கும் விழாவில் நெல், கோழி, ஆடு, காய்கறி எல்லாம் பீடத்துக்கு வந்தன. திருநெல்வேலியில் ஸ்தோத்திரப் பண்டிகையையும் அதில் நடக்கும் ஏலத்தையும் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதிதன்று. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் பல மொழிகளுக்குச் சென்றது. ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாமா என்ற தயக்கம் அவருக்கு இருக்கவில்லை. கொடுப்பவனுக்கே கேட்கும் உரிமை உண்டு. உபதேசியாரின் சோற்றில் தன் பிடி அரிசி இருக்கிறது என்று அறிந்தவள் அவரைக் கேள்வி கேட்பாள். நிலவுடைமையாளர் முன் நிமிர்ந்து நிற்க முடியாத ஒருத்திக்கு, ஊரிலேயே கேள்வி கேட்கக்கூடிய இடம் ஒன்று கிடைத்தது. டோர்னக்கல் வளர்ச்சியின் சமூக வேர் இங்கே இருக்கிறது என்று கருத நியாயமுண்டு.

இதில் குறை இல்லாமலில்லை. புகழுரைகள் இவற்றைத் தொடுவதில்லை என்பதால் சற்று நின்று பார்க்கவேண்டும். இந்திய மிஷனெரி சங்கத்தின் ‘இந்திய நிர்வாகம்’ நடைமுறையில் தமிழ் நிர்வாகமாக இருந்தது. செயலர் தமிழர், ஊழியர் தமிழர், ஆயரும் தமிழர். தெலுங்கு மாதிகர் ஒருவரின் கண்ணுக்குப் பாளையங்கோட்டை எவ்வளவு தூரம்? இலண்டனைவிடக் கிட்டத்தில்தான், ஆனால் மறுமொழி கேட்க முடியாத தூரம். சாதி இன்னொரு சிக்கல். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நாடார்; சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர். மாலர்–மாதிகர் பிணக்கு சபைக்குள்ளும் வந்தது. ஒரே பந்தியில், ஒரே திருவிருந்தில் அமரவைக்க நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. மேலும், தன்னிறைவு என்ற கொள்கை முழு மறைமாவட்டத்துக்கும் ஒருபோதும் எட்டவில்லை. பள்ளிகளுக்கும் மருத்துவப் பணிக்கும் இங்கிலாந்துச் சங்கங்களின் பணம் தொடர்ந்து வந்தது.

1930களில் காந்தி, ஒடுக்கப்பட்டோரின் திரள் மதமாற்றங்களைக் கடுமையாக விமர்சித்தபோது அசரியாவின் களமும் அந்த விமர்சனத்துக்குள் வந்தது. கல்வியறிவற்றோர் ஆன்மிகக் காரணத்தால் மதம் மாற முடியுமா என்பது காந்தியின் ஐயம். ஏழையின் மனச்சான்றைக் குறைத்து மதிப்பிடக்கூடாது என்பது அசரியாவின் நிலை. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று வாதிட்டவரும் இதே அசரியாதான் என்பதை அவரைத் தேசவிரோதியாகக் கண்டோர் மறந்தார்கள். சூசன் பில்லிங்டன் ஹார்ப்பரின் ஆய்வு நூல் 2000இல் வந்தபின்பே இந்த மோதல் கல்வியுலகில் உரிய இடம் பெற்றது. இருபுறமும் பேசப்பட்டவர்கள் அந்தக் குடிசைக் கோயில்களில் இருந்தவர்கள். இருபுறமும் அவர்களைக் கேட்டதைவிட அவர்களைப் பற்றிப் பேசியது அதிகம்.

குறுகிய கால ஊழியம் டோர்னக்கலில் மறைந்துவிடவில்லை, திசை மாறியது. ஆண்டுதோறும் ‘சாட்சி வாரம்’ ஒன்று நடத்தப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் சபையின் சாதாரண உறுப்பினர்கள், கூலியாட்களும் பெண்களும் உட்பட, குழுக்களாகப் பக்கத்து ஊர்களுக்குப் பாடிக்கொண்டே போவார்கள். வேலை முடிந்த மாலைகளில் போய்விட்டு இரவே திரும்புவோரும் உண்டு. உதவி பெறும் சபையாகக் கருதப்பட்டதே அனுப்பும் சபையானது. இவர்கள் போன ஊரில் இவர்களுக்கு உறவினர் இருந்தனர். பெண் கொடுத்து எடுத்த சம்பந்தம் இருந்தது. மறுநாள் அதே வயலில் சேர்ந்து நாற்று நடவேண்டியும் இருந்தது. ஒரு மாலையில் சொன்ன சொல்லுக்கு ஆண்டு முழுவதும் அங்கேயே பொறுப்பேற்கவேண்டும். ராக்லண்டு காலத்து ஒரு மாத முறையின் பேரப்பிள்ளை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இதோடு இக்காலத்து ஆய்வு ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1998 அக்டோபரில் மிட்ச் புயல் ஹோண்டுராஸைத் தாக்கியது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழுக்கள் சென்று வீடு கட்டிக் கொடுத்தன. கால்வின் கல்லூரியின் கர்ட் வெர் பீக் இதை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். உள்ளூர் அமைப்பு கட்டினால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். வெளிநாட்டுக் குழு வந்து கட்டினால் பயணச் செலவு உட்பட ஏறத்தாழ 30,000 டாலர். வீட்டைப் பெற்றவர்களுக்கோ யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சென்று வந்தவர்களின் வாழ்வும் அவர்கள் எதிர்பார்த்த அளவு மாறவில்லை. தொடர்ந்து உறவும் பொறுப்பும் இல்லாவிட்டால் பயணத்தின் விளைவு மங்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. இளஞ்செடியை ஒருமுறை வளைத்துவிட்டு விட்டால் அது பழைய நிலைக்கே நிமிர்ந்துவிடும். கட்டி வைத்தால்தான் வளைவு நிலைக்கும் என்பது அவர் தந்த உவமை.

ஹைதராபாதுக்கும் இந்த வரலாற்றில் தனி இடமுண்டு. 1957இல் மெக்ஸிகோவுக்கு மாணவர்கள் சென்ற கோடைப் பயணத்தில் தொடங்கிய ‘ஆப்பரேஷன் மொபிலைசேஷன்’, 1960களில் இந்தியாவுக்கு வந்தது. பின்னாளில் அதன் இந்தியத் தலைமையகம் நகரின் வடபுறத்து ஜீடிமெட்லாவில் அமைந்தது. அயல்நாட்டு மிஷனெரிகளுக்கு விசா இறுகிக்கொண்டிருந்த காலம் அது; 1954இல் மத்தியப் பிரதேசம் அமைத்த நியோகி குழுவின் அறிக்கை 1956இல் வந்து விவாதத்தைச் சூடாக்கியிருந்தது. இன்றைய விதிகளின்படி சுற்றுலா விசாவில் வருகிறவர் கோயிலிலோ ஆலயத்திலோ வழிபாட்டில் கலந்துகொள்ளலாம்; மதப் பிரசாரம் செய்யக்கூடாது; அதற்குத் தனி விசா வேண்டும். வெளிநாட்டு நன்கொடை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2020 திருத்தத்தாலும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. திருத்தத்துக்குப்பின், நன்கொடை பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித்தர முடியாது. பெரிய சங்கம் வாங்கிச் சிறிய சபைக்குப் பகிர்ந்து தந்த பழைய வாய்க்கால் அடைபட்டது. இதை அரசியல் நெருக்கடியாகப் பார்ப்போர் உண்டு. அந்தப் பார்வையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வாய்க்காலின் கடைமடையில் இருந்த சபை, தண்ணீர் திறந்துவிடுபவரின் முகத்தை முன்பும் பார்த்ததில்லை.

ஹைதராபாதுக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் மெதக் பேராலயம் இருக்கிறது. வெஸ்லியன் மிஷனெரி சார்லஸ் வாக்கர் போஸ்நெட் பஞ்சத்தில் வாடியோருக்கு வேலை தந்து எழுப்பியது; 1924 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்டது. கோதிக் கோபுரம், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். சுற்றுலாக் குழுக்கள் தவறாமல் செல்லும் இடம். டோர்னக்கலுக்கு அவ்வளவு பேர் போவதில்லை. அங்கே அசரியா நீண்ட காலம் காத்துக் கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று, தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு முடிந்த எட்டாம் நாள், திருநிலைப்படுத்தப்பட்டது. இஸ்லாமியக் கவிமாடங்கள், திராவிடக் கோயில் தூண்கள், தாமரைமேல் சிலுவை. நிஜாமின் நாட்டில் இருக்கிறோம் என்பதையும், தெற்கிலிருந்து வந்தோம் என்பதையும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் கட்டடம் அது.

1945 ஜனவரி 1 அன்று அசரியா இறந்தார். டோர்னக்கலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து அவர் உழைத்துவந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல்தான் பிறந்தது. அதை அவர் பார்க்கவில்லை. முதல் இந்திய ஆயரின் இருக்கைக்கு அடுத்து வந்தவர், அவருக்கு உதவி ஆயராக இருந்த ஐரோப்பியர் ஏ. பி. எலியட்.